மீட்டர் வயர் வாங்கப் போகிறீர்களா: பிவிசியா, சிலிகானா, ஊசி முனையா?

வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் மல்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட அதோடு வந்த வயரை அறுந்து விழும்வரை ஓட்டுவார்கள். சேலத்தில் தறிப்பட்டறை மோட்டாரும் பேனலும் பார்ப்பவர்களிடம் இது சர்வ சாதாரணம். ரீடிங் குதித்தால் பேட்டரியை மாற்றுவார்கள், மீட்டரைத் தட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் புரோப்பின், அதாவது வயர் நுனியில் கையில் பிடித்துத் தொடும் கம்பியின், கழுத்தில்தான் இருக்கும். வயர் பிடிக்குள் நுழைகிற அந்த இடத்தில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரிதான் தெரியும்.

மஞ்சள் நிற டிடி830 வகை மீட்டரோடு வரும் பிவிசி வயரை முதலில் எடுத்துக்கொள்வோம். உள்ளே இழைகள் குறைவு, மேலே பிளாஸ்டிக் தடிமன், அதனால் 10 ஆம்பியர் அளக்கப் போனால் வயர் சூடாகும். அந்த மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது என்று அதன் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. ஏற்காட்டில் மார்கழிக் குளிரில் பிவிசி விறைத்துப்போய், சுருட்டி வைத்த வடிவத்திலேயே நின்று மீட்டரையே மேஜையிலிருந்து இழுக்கும். சால்டரிங் அயர்ன் லேசாகப் பட்டாலும் உருகிவிடும்.

சிலிகானில் இந்தத் தொல்லைகள் கிடையாது. குளிரிலும் துவண்டு கிடக்கும், அயர்ன் ஒரு நொடி பட்டால் தாங்கும். ஆனால் அது மென்மையானது. பேனல் பெட்டியின் தகர விளிம்பில் உரசினால் வெட்டுப்படும், பிவிசி அந்த விஷயத்தில் கெட்டி. ஆகவே பிவிசி என்றாலே மட்டம் என்று சொல்ல மாட்டேன். ஃப்ளூக் என்ற மீட்டர் கம்பெனியின் டிஎல்75 வயர் பிவிசிதான், முரட்டு வேலைக்கு நன்றாகவே உழைக்கும். அதே கம்பெனியின் டிஎல்175இல் சிலிகான் இரண்டு அடுக்காக இருக்கும். மேல் அடுக்கு தேய்ந்தால் உள்ளே வேறு நிறம் எட்டிப் பார்க்கும், வயரை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். விலைதான் கொஞ்சம் கண்ணைக் கட்டும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியம் முனை. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிக்கூடத்தில் காண்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் மின்காந்த சுவிட்ச்) டெர்மினல்கள் நெருக்கமாக இருக்கும், இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட். முனையில் 19 மில்லிமீட்டர் உலோகம் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தால், கை கொஞ்சம் வழுக்கினாலே இரண்டு ஃபேஸையும் சேர்த்துவிடும், அப்புறம் தீப்பிழம்புதான். அதனால்தான் கேட் (CAT, மின் அபாயத்தைப் பொறுத்து இடங்களைப் பிரிக்கும் வகை) 3, கேட் 4 இடங்களுக்கு, அதாவது டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கும் ஈபி மெயினுக்கும், 4 மில்லிமீட்டருக்கு மேல் முனை தெரியக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். கழற்றி மாட்டும் உறை உள்ள புரோப்பில் இது சுலபம். டிஎல்175இல் பிடியைத் திருகியே நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உறையே இல்லாமல் நூறு ரூபாய் வயரின் மேல் ‘கேட் 3, 1000 வோல்ட்’ என்று போட்டிருந்தால், செலவானது மை மட்டும்தான்.

(இந்த கேட் கணக்கு பொதுவாக 2000 மீட்டர் உயரம் வரைக்கும்தான். சேர்வராயன் உச்சியே 1623 மீட்டர் என்பதால் நமக்குக் கவலையில்லை, ஊட்டிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

தங்க முலாம் பூசிய ஊசி முனை எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு வேலைக்கு மட்டும். பொடி ஐசியின் ஒற்றைக் காலைத் தொட அதைவிட நல்லது இல்லை. மெயின் லைனுக்கு அதைக் கொண்டு போகாதீர்கள், முனை வளைந்தாலே அதன் ஆயுள் முடிந்தது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு, உறை போட்ட சிலிகான் கேட் 3 செட்டுக்கு. கடையிலேயே 200 ஓம் ரேஞ்சில் இரண்டு முனைகளையும் அழுத்திச் சேர்த்துப் பாருங்கள். 0.1, 0.2 என்று நின்றால் சரி. அப்படியே கழுத்தை வளைத்து ஆட்டுங்கள், எண் எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை வயர் நெடுக ஓட்டுங்கள், ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய இரும்பு. முனையில் ஒட்டுவது வேறு விஷயம், நல்ல முனையிலும் எஃகு இருக்கும். மீட்டரையும் கையோடு கொண்டு போங்கள், உறையுள்ள பிளக் சில மலிவு மீட்டர்களின் துளையில் பாதிதான் இறங்கும்.