தட்டோடு வரும் தொங்கு தொட்டி: மணி பிளான்ட்டுக்குத் தோதுப்படுமா?

நர்சரி வாசலில் வரிசையாகத் தொங்குமே, அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியைப் பற்றித்தான். வாய் அகலம் 7 அங்குலம், உயரம் ஐந்தரை, மேலே மூன்றாகப் பிரியும் ஹேங்கர், அடியில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும் தட்டு. 150 ரூபாய்க்குள் கிடைத்துவிடும். மணி பிளான்ட்டுக்கு வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையிலிருந்து வந்த கோலத்திலேயே செடியை வைத்துவிடக் கூடாது. கோளாறெல்லாம் அந்தத் தட்டில் இருக்கிறது.

முதலில் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல தொட்டிகளில் ஓட்டை போடவேண்டிய இடத்தில் வட்டமாக அச்சு மட்டும்தான் இருக்கும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் அப்படியே மூடிக்கிடக்கும். 6 மி.மீ. டிரில் பிட்டோ சூடான சாலிடரிங் அயர்னோ வைத்து ஐந்தாறு ஓட்டை போட வேண்டும். அயர்ன் என்றால் மாடியில் வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதல்ல.

அடுத்து தட்டு. அதற்கும் தொட்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஊற்றிய தண்ணீரில் 100 மில்லி கீழே வடிந்தாலே தட்டில் நின்று ஓட்டைகளைத் தொட்டுவிடும். மண் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மேல் மண் காய்ந்து தெரிய, அடி மண் மட்டும் சொதசொதவென்றே கிடக்கும். காற்றில்லாமல் வேர் அழுகும், அடியிலைகள் மஞ்சளாகும், தண்டின் அடி கொழகொழக்கும், மண் புளித்த வாடை அடிக்கும். வேர் போனதால் செடி வாடுகிறது. அதைப் பார்த்து ‘தண்ணீர் போதவில்லை’ என்று இன்னும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். போதாததற்கு, தட்டில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவுக்கு அதுவே தொட்டில்.

ஆகவே தண்ணீர் ஊற்றும்போது தட்டைக் கழற்றிவிடுங்கள். தொட்டியைச் சிங்க்கிலோ பாத்ரூமிலோ வைத்து அரை லிட்டர் போல நிதானமாக ஊற்றி, அடியில் ஒழுகியதும் நிறுத்தி, 20 நிமிடம் வடியவிட்டுப் பிறகு தட்டை மாட்டலாம். தட்டின் வேலை, மிச்சமாகச் சொட்டும் இரண்டு சொட்டு தரையில் விழாமல் பார்த்துக்கொள்வது. அதற்கு மேல் அதற்கு வேலை கொடுக்க வேண்டாம். தண்ணீர் வடிய வேண்டும் என்று அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ போடும் பழக்கமும் வேண்டாம். ஈரம் ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கு இருக்கும் இடம்தான் குறையும். ஓட்டை மேல் ஒரு துண்டு கொசுவலை போதும்.

இந்தத் தொட்டிக்கு இரண்டேகால் லிட்டர் மண்கலவை பிடிக்கும். செம்மண்ணை மட்டும் நிரப்பினால் நனைந்தபின் 4 கிலோவை ஒட்டிவிடும், ஹேங்கர் தாங்காது. கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (பொரி போல லேசான வெள்ளைக் கல்) அரைப் பங்கு என்று கலந்தால் எடை வெகுவாகக் குறையும். கோகோபீட்டைக் கழுவச் சொல்வது சும்மா இல்லை, அதில் உப்பு இருக்கும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு: சுக்காகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டியின் ஓரமாக இறங்கி உடனே கீழே கொட்டும், நடுவில் மண் பொடியாகவே இருக்கும். அப்படியானால் தொட்டியை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கிவையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது? நாட்கணக்கு பார்ப்பதைவிடத் தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பது மேல். தொங்கு தொட்டியில் இது ஒரு சௌகரியம். கனம் விட்டு, விரலை இரண்டு கணு ஆழம் விட்டாலும் ஈரம் தெரியாவிட்டால் ஊற்றலாம். சென்னைக் கோடையில் மூன்று நான்கு நாளில் அந்த நிலை வரும். ஐப்பசி மழையில் பத்து நாள்கூட ஆகும்.

எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜன்னலின் லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் உத்தரம், பெரும்பாலும் 7 அடியில் இருக்கும், சீலிங் 10 அடியில். சீலிங்கை ஒட்டி மாட்டினால் தொட்டியின் வாய் லிண்டலுக்கு மேலே இருட்டில் போய்விடும். வெளிச்சம் கீழே தொங்கும் நுனிக்கு மட்டும். கொஞ்ச நாளில் தலைப்பக்கம் மொட்டையாகி, வால் மட்டும் பச்சையாக நிற்கும். மண் மட்டம் லிண்டலுக்கு ஓர் அடி கீழே வரும்படி சங்கிலி விட்டு இறக்குங்கள். கிழக்கு ஜன்னல் உத்தமம். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் கொக்கி அடிக்கவே கூடாது. கான்கிரீட்டில் 8 மி.மீ. பிளக் வைத்து மாட்டுங்கள்.

ஏற்கெனவே மொட்டையான செடிக்கும் வழி உண்டு. நீண்ட கொடியை இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி அதே தொட்டியில் ஆறேழு துண்டு நடுங்கள். கணு இல்லாத வெறும் இலைக்காம்பு வேர் விட்டாலும் விடும், துளிர் மட்டும் வராது. வெட்டும்போது வரும் சாறு சிலருக்கு அரிக்கும். பூனை, நாய் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். தரை வரை கொடியைத் தொங்கவிடாதீர்கள்.

தொங்கத் தொங்க இலை சிறுப்பதற்குத் தொட்டியைத் திட்டுவதில் நியாயமில்லை. பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்து மோரேயா தீவுதான் இந்தக் கொடிக்குப் பூர்வீகம். மரத்தில் ஏறினால் முறம் போல இலை விடும். தொங்கினால் இலை சுருங்கிக்கொண்டே போகும். நான்கு அடி தாண்டியதும் கத்தரித்துவிடுவது நல்லது.

தொட்டியில் சொல்லவேண்டிய இன்னொரு குறை ஹேங்கர். பால்கனி வெயிலில் ஓரிரு கோடைக்குள் பிளாஸ்டிக் மொறமொறத்துவிடும். தொட்டியின் விளிம்பில் மாட்டும் இடத்தில் வளைவைப் பாருங்கள்: அங்கே வெள்ளையாக ஒரு கீற்று விழுந்திருந்தால் அன்றைக்கே கழற்றி, விளிம்பில் மூன்று ஓட்டை போட்டு ஜி.ஐ. கம்பியில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) தொங்கவிடுங்கள்.