டெலிகாஸ்டர்: ரேடியோ மெக்கானிக் செய்த கிட்டார்

கிட்டார்களைத் திறந்து சரிசெய்வது என் தொழில். ஜாக் (ஒயர் செருகும் துளை) ஆடுகிறது, ஸ்விட்ச் கரகரக்கிறது, ஃப்ரெட் (விரல் வைக்கும் இடத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தேய்ந்துவிட்டது என்று எல்லா வகையும் மேசைக்கு வரும். அதில் ஃபெண்டரின் மின்கிட்டாரான டெலிகாஸ்டர் வந்தால் எனக்குத் தனி உற்சாகம். முன்பக்கத்தில் நீளமாக ஒரு உலோகத் தகடு இருக்கும். அதில் இரண்டே திருகுகள். கழற்றித் தூக்கினால் வால்யூம், டோன், ஸ்விட்ச் மூன்றும் தகட்டோடு அப்படியே கைக்கு வந்துவிடும். சால்டரிங் முனையை எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்த உடனே தெரியும். உட்கூடு உள்ள கிட்டார்களில் இதே வேலைக்கு, பாகங்களில் நூல் கட்டி ஒலித்துளை வழியாக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டியிருக்கும்.

இதை வடிவமைத்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. படித்தது கணக்கியல். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938-ல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை போட்டார். இசைக்குழுக்காரர்கள் தங்கள் ஆம்ப்ளிஃபையர்களை அங்கே கொண்டுவந்தார்கள். எந்தப் பாகம் முதலில் போகும், எதைத் திறப்பது கஷ்டம் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகவே தெரிந்திருந்தது. டெலிகாஸ்டரின் ஒவ்வொரு மூலையிலும் அந்த அனுபவம் தெரிகிறது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கிட்டார் நிற்பதற்கு அதுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெக்கையே, அதாவது இடது கை ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியையே, எடுத்துக்கொள்ளுங்கள். அக்காலத்து நல்ல கிட்டார்களில் நெக்கை உடலோடு பசை போட்டு ஒட்டுவார்கள். இதில் நான்கு திருகுகள், அவ்வளவுதான். நெக் கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். முதலில் வந்த நெக்குகள் ஒரே துண்டு மேப்பிள் மரம். ஃப்ரெட்டுகள் பதிக்கத் தனிப் பலகை கிடையாது, நெக் மரத்திலேயே நேராக அடித்துவிட்டார்கள். ட்யூனிங் கீ ஆறும் ஒரே வரிசையில் இருப்பதால் கம்பிகள் நட்டை (நெக்கின் மேல்முனையில் அவற்றைத் தாங்கும் துண்டு) தாண்டியும் வளையாமல் நேராகப் போகின்றன. கம்பியை மாற்றுவதும் சுலபம்: உடலின் பின்புறத்தில் நுழைத்து மேலே இழுத்தால் போதும்.

கெட்டியான மரத்தில் மின்கிட்டார் செய்யலாம் என்பது லியோ ஒருவருடைய யோசனை அல்ல. ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1930-களிலேயே கூடு இல்லாத மின்கிட்டாரை விற்றது. கருவிகள் செய்யும் பால் பிக்ஸ்பி 1948-ல் கன்ட்ரி கலைஞர் மெர்ல் டிராவிஸுக்கு ஒன்று செய்து கொடுத்தார். ஆனால் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து, வாசிப்பவர்கள் விரும்பி வாங்கும்படி விற்றுக் காட்டியவர் லியோதான். 1950-ல் எஸ்கொயர் என்ற பெயரில் ஆரம்பித்தார். முதலில் செய்தவற்றில் நெக்கை நிமிர்த்தும் இரும்புக் கம்பி இல்லை. விரைவிலேயே அதையும் சேர்த்தார். இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் காந்தச் சுருள்) வைத்த மாடலுக்கு பிராட்காஸ்டர் என்று பெயர். கிரெட்ச் நிறுவனம் அதே ஒலியில் உள்ள பெயரைத் தன் டிரம்களுக்கு வைத்திருந்ததால் ஆட்சேபித்தது. உடனே லேபிளில் அந்தச் சொல்லை மட்டும் வெட்டிவிட்டு விற்றார்கள். 1951-ல் டெலிகாஸ்டர் என்ற பெயர் வந்தது. நடுவில் பெயரே இல்லாமல் வெளிவந்த கிட்டார்களை இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

சரி, ஒலிக்கு வருவோம். பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கத்து பிக்கப் சாய்வாக, ஒரு எஃகுத் தகட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தகடும் ஒலியில் பங்கெடுக்கிறது. முன்னால் பாயும் கூர்மை, அடித்த உடனே கிளம்பும் வேகம், பின்னாலேயே ஒரு மரத்தின் தட்டல். பாடகர், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போதும் டெலிகாஸ்டர் மட்டும் தனியாகக் காதில் விழும். வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் கூர்மை தணிந்து மென்மையாகிவிடும். நெக் பிக்கப் மேல் உலோக உறை இருப்பதால் அதன் குரல் சற்றே மூடியது போலிருக்கும். எனக்கு அது பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் போடும் நடு நிலையில்தான் என் கை அதிக நேரம் நிற்கிறது.

மடி வாட்டர்ஸ் ப்ளூஸுக்கும், ஸ்டீவ் கிராப்பர் சோல் இசைக்கும், ஜேம்ஸ் பர்ட்டன் கன்ட்ரிக்கும் இதைத்தான் எடுத்தார்கள். கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியையே எடுத்துவிட்டு, ஓப்பன் ஜி ட்யூனிங்கில் (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்ட் ஒலிக்கும் சுருதியில்) ஐந்து கம்பியோடு வாசிக்கிறார். நால்வரின் ஒலியும் நான்கு விதம். கருவி தன் சாயத்தைப் பூசாமல் கைக்கு வழிவிடுகிறது. விரலில் உள்ள தடுமாற்றத்தையும் அது மறைக்காது.

குறைகளும் உண்டு. பழைய பாணி பிரிட்ஜில் ஆறு கம்பிக்கு மூன்றே சேடில் (கம்பி உட்காரும், முன்பின் நகர்த்தக்கூடிய துண்டு). கம்பிகளின் நீளத்தை இரண்டிரண்டாகத்தான் சரிசெய்ய முடியும், அதனால் மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியில் லேசான சமரசம் இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால், டிஸ்டார்ஷன் அதிகம் வைத்தால் இரைச்சல் கேட்கும். உடலின் ஓரம் சீவப்படாத பலகை, நீண்ட நேரம் வாசித்தால் முன்கையில் அழுத்தும். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் லியோ அந்த ஓரங்களை வளைத்துச் சீவினார். உடல் வசதி முக்கியம் என்றால் அதற்கே போங்கள். கனமான மெட்டல் மட்டும் வாசிப்பவருக்கு இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிட்டார்தான் பொருந்தும்.

பழையது வாங்குகிறீர்களா? முதலில் பக்கவாட்டு ஜாக்கை விரலால் திருகிப் பாருங்கள். மரத்தில் பல் பதிந்து நிற்கும் சின்னக் கிளிப்தான் அதைப் பிடித்திருக்கிறது, தளர்ந்தால் முழுவதும் சுற்றும், உள்ளே ஒயர் அறுந்துவிடும். திருகுப் பிடி உள்ள மாற்றுக் கிண்ணம் கிடைக்கிறது, அதைப் போட்டுவிடலாம். அப்புறம் நெக்கைத் தூரத்தில் பிடித்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வடிவத்தில் அதைச் சரிசெய்யும் திருகு நெக்கின் அடியில் இருக்கும், எட்ட வேண்டுமானால் நெக்கைத் தளர்த்தியாக வேண்டும். பெயின்ட் உரிந்திருந்தால் கவலைப்படாதீர்கள்.