டெமோவில் ஆதார் ஓடிபி, வாங்கியதில் விரல் கிறுக்கல்: ரூ.47,200 போச்சு

‘ரீஃபண்ட் கொடுக்க எங்கள் பாலிசியில் இடமில்லை’ என்று எலக்ட்ரானிக் கையெழுத்து மென்பொருள் விற்ற கம்பெனியிடமிருந்து இன்று காலை மெயில் வந்துவிட்டது. இனி மரியாதை பார்த்துப் பயனில்லை, எழுதிவிடுகிறேன். போனது ரூ.47,200. சந்தா நாற்பதாயிரம், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் வரவாகக் கழித்துக்கொள்ளலாமே என்று சொல்லாதீர்கள். நான் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன், அதில் அப்படிக் கழிக்க முடியாது, முழுப் பணமும் என் கையை விட்டுத்தான் போனது. இந்த மாதிரி மென்பொருள் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது கோவைப் பக்கம் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் தொழில். ஷீட்டும் ஜாக்கியும் லாரியில் சைட்டுக்குப் போய்விடும், காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட பேப்பர் மட்டும் திரும்பி வராது. இதற்குத்தான் பில்லிங்கோடு எலக்ட்ரானிக் கையெழுத்தும் சேர்ந்த ஒரு மென்பொருளை வாங்கினோம். கம்பெனி பெயர் வேண்டாம். மாதம் தவறாமல் ‘சட்டப்படி செல்லும்’ என்று விளம்பரம் செய்கிற வகை.

விற்க வந்த பையன் எங்கள் குடோனிலேயே செய்து காட்டினான். தன் ஆதார் நம்பரை அடித்தான், அவன் போனுக்கு ஓடிபி வந்தது, அதைப் போட்டதும் பிடிஎஃப்பில் அவன் பெயர், தேதி, நேரம், பக்கத்தில் பச்சை டிக். “இதேதானே தம்பி எங்களுக்கும் வரும்?” என்று கேட்டேன். “இதேதாங்ண்ணா. கோர்ட்டுக்குப் போனாலும் செல்லும். ஐடி ஆக்ட்லயே இருக்குதுங்ண்ணா. புரோநோட்டுகூட இதுலயே போட்டுக்கலாம்” என்றான். அம்மா மோர் கொடுத்தார், குடித்துக்கொண்டே வாட்ஸ்அப்பிலும் ‘சேம் ஃபீச்சர் அண்ணா’ என்று அனுப்பினான். அந்த இடத்தில்தான் நம்பினேன். அங்கேயே உட்கார்ந்து பணத்தை அனுப்பினேன், ரூ.47,200.

எங்களுக்கு வந்ததோ வேறு. காண்ட்ராக்டருக்கு ஒரு லிங்க் போகும், அவர் திரையில் விரலால் கிறுக்குவார், அவ்வளவுதான். ஆதாரும் இல்லை, ஓடிபியும் இல்லை. கேட்டதற்கு, “அது பேக்-எண்டில் நடக்கும் சார்” என்றார்கள்.

பிறகு ஒரு காண்ட்ராக்டர், 600 ஷீட் எடுத்துவிட்டு 400தான் எடுத்தேன், அந்த ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்று சொல்லிவிட்டார். வக்கீலிடம் போனேன். அவர் பிடிஎஃப்பைத் திறந்து கையெழுத்து மேல் கிளிக் செய்தார். சான்றிதழ் விவரம் எதுவும் வரவில்லை, சுற்றி ஒரு நீலக் கட்டம் மட்டும் வந்தது. வெறும் படம். காப்பி செய்து ஒரு காலிப் பக்கத்தில் ஒட்டியும் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் சொன்னது இதுதான். பையன் சொன்ன ஐடி ஆக்ட், அதாவது 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, கம்ப்யூட்டர் வழியாகப் போட்டது என்கிற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் போட்டது அந்த ஆள்தான் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆதார் ஓடிபி வழிக் கையெழுத்தோ, யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஎஸ்சி என்கிற டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழோ என்றால் அரசு உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்றிதழ் உள்ளே இருக்கும். பின்னால் ஓர் எழுத்தை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். விரல் கிறுக்கலில் அதெல்லாம் கிடையாது. அப்புறம் அந்தப் புரோநோட்டு கதை? எந்தெந்தப் பத்திரங்களை மின்னணுவில் போட முடியாது என்று சொல்லும் சட்டத்தின் முதல் அட்டவணையை 2022-ல் திருத்தி, புரோநோட்டுக்கு வழிவிட்டார்கள், ஆனால் அந்தச் சலுகை ரிசர்வ் வங்கி போன்றவற்றின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குத்தான். நம் கைமாற்றுக்கு இல்லை. நல்லவேளை, அதை நான் போட்டுப் பார்க்கவில்லை.

சரி, லாக்காவது இருக்குமே, எந்த போனில், எத்தனை மணிக்கு, எந்த ஐபி முகவரியில் திறந்தார்கள் என்று வாங்கிவிடலாம் எனக் கேட்டால், “உங்கள் பிளானில் லாக் 90 நாள்தான் சார், அழிந்திருக்கும்” என்கிறார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட அது வேண்டும், ஃபைலின் ஹேஷ் மதிப்பு (ஃபைலுக்குக் கைரேகை போன்ற ஓர் எண்) உட்பட அதில் எழுத வேண்டும். அதற்குத் தேவையான விவரங்களைக் கேட்டேன். “அந்த மாதிரி எதுவும் நாங்கள் கொடுப்பதில்லை.” டெமோ காட்டிய பையனை அழைத்தால் வேலையை விட்டுப் போய்விட்டானாம். அவன் வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினால், “அது அவர் தனிப்பட்ட முறையில் சொன்னது.” மேலதிகாரி பேசுவார் என்றார்கள். பேசினார். எதற்குத் தெரியுமா? இன்னும் பதினெட்டாயிரம் கட்டினால் ஆதார் கையெழுத்து உள்ள பிளானுக்கு மாற்றித் தருவாராம்! விதிமுறையில் எங்கோ மூலையில் ‘சட்டப்படி செல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு வரி இருக்கிறதாம், அதைப் படித்துக் காட்டினார். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டதை மூலையில் ரத்து செய்வார்களாம். இதற்கு ரூ.47,200.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனால், தொழிலுக்கு வாங்கியது என்று தள்ளப் பார்ப்பார்கள். சொந்தப் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்று வாதாடலாம் என்கிறார் வக்கீல். நோட்டீஸ் தயாராகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், பிரின்ட் எடுக்க வக்கீல் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாக. டெமோ கணக்கில் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வாங்கப்போகும் பிளானில் ஒரு கையெழுத்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கிளிக் செய்தால் சான்றிதழ் திறக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் சான்றிதழ் என்று கேளுங்கள், உரிமம் பெற்றவர்களின் பட்டியல், அந்த உரிமத்தைக் கொடுக்கும் அரசு அமைப்பான சிசிஏ-வின் இணையதளத்தில் இருக்கிறது. கையெழுத்து ஆனவுடன் லாக்கை இறக்கி வையுங்கள். முத்திரைத்தாள் செலவு தனி, கையெழுத்து மின்னணு என்பதால் அது போய்விடாது. உயில், டிரஸ்ட் பத்திரம் இதில் போடவே கூடாது. ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள், எனக்குப் புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வர ஆரம்பித்துவிட்டது.