அம்பாசடரில் ஜாயிண்ட் உடைந்தால்: கிராஸ் மாற்றுவதா, பழைய ஷாஃப்ட் வாங்குவதா, புதிதாகக் கட்டுவதா?

விராலிமலை தாண்டி மதுரை நோக்கி வந்துகொண்டிருந்தோம். எங்கள் 1986 மார்க் 4 அம்பாசடரின் அடியில் டமார் என்று ஒரு சத்தம். அடுத்த நொடியிலிருந்து காலுக்குக் கீழே தகட்டில் சுத்தியல் அடி. கிளட்சை மிதித்து ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்டின் பின்முனை கழன்று ரோட்டில் கிடந்தது. நல்லவேளை, பின்முனை. முன்முனை கழன்று ரோட்டில் குத்தியிருந்தால், ஓடுகிற வண்டியையே அது நெம்பித் தூக்கிவிடும்.

இரண்டு மாதமாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக உருளும்போது பின்னாலிருந்து கீச் கீச். கிளட்சை விடும்போது ஒரு 'டக்'. ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுற்றும் ஜாயிண்டுக்குள் இருக்கும் கூட்டல் குறி இரும்புத் துண்டுதான் கிராஸ்; அதன் கப்பைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் துருப்பொடி. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை வெளியூருக்கு எடுக்காதீர்கள். இன்னொன்று: ஷாஃப்ட் அறுந்த வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகே கீழே படுக்க வேண்டும்.

சரி, பட்டறைக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி மூன்று வழி.

முதல் வழி, கிராஸை மட்டும் மாற்றுவது. கூட்டல் குறி போன்ற அந்த இரும்புத் துண்டின் நான்கு கையிலும் ஒரு கப், கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில் பேரிங். செலவு குறைவு, அரை நாள் வேலை, வண்டியோடு வந்த ஷாஃப்டும் கையை விட்டுப் போகாது. என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் யோக், அதாவது கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு காதுள்ள கவை, நன்றாக இருந்தால் மட்டும். புதுக் கப்பை யோக்கின் துளையில் வைத்துப் பாருங்கள். வைஸிலோ பிரஸ்ஸிலோ அழுத்தினால்தான் இறங்க வேண்டும். விரலால் தள்ளியதும் உள்ளே போனால் துளை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் சில மெக்கானிக்குகள் துளையின் உள்பக்கம் பஞ்ச் வைத்து நாலு அடி அடித்து இறுக்கிக் கொடுப்பார்கள். சிலர் கப்பையே வெல்டிங் வைத்துவிடுவார்கள். இரண்டையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பஞ்ச் வைத்த பிடி சீக்கிரம் விட்டுப்போகும். வெல்டிங் சூட்டில் கப்பின் பதம் போய்விடும், அடுத்த முறை கழற்றவும் முடியாது.

மாட்டும்போது ஒரு நீடில் சாய்ந்து கப்பின் அடியில் விழுந்தாலும் வேலை கெட்டது. கப்புக்குள் கெட்டியாகக் கிரீஸ் தடவி நீடில்களை நிற்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கழற்றும் முன் பின் ஃபிளாஞ்சிலும் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தகடு) யோக்கிலும் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டுவிடுங்கள், திரும்ப அதே இடத்தில் பொருத்தலாம். ஷாஃப்டில் நீளவாக்கில் பல் வெட்டிய இணைப்பான ஸ்ப்ளைனைப் பிரித்தால் அங்கேயும் ஒரு கோடு. இரு முனை யோக்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். காரணம் உண்டு. சாய்வில் சுற்றும் ஒரு கிராஸ், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூட்டிக் குறைத்துத்தான் சுற்றும். மறுமுனைக் கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை எதிராகச் செய்து சரிக்கட்டுகிறது. யோக் ஒரு பல் மாறி உட்கார்ந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும், வண்டி முழுக்க அதிரும்.

கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்த கிராஸா, கிரீஸோடு மூடி சீல் வைத்ததா என்று கேட்பார்கள். கிரீஸ் போகத் துளையிட்டிருப்பதால் நிப்பிள் கிராஸ் கொஞ்சம் பலம் குறைந்தது என்பது உண்மை. அம்பாசடரின் எஞ்சின் பலத்துக்கு அது பொருட்டே இல்லை. தண்ணீரும் புழுதியும் உள்ள நம் சாலைகளுக்கு நிப்பிள் வைத்ததே மேல்.

என் வண்டிக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. ஷாஃப்ட் அடித்த அடியில் யோக்கின் ஒரு காது உடைந்திருந்தது.

அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன்: பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை. அம்பாசடர் தயாரான மேற்கு வங்க உத்தரபாரா ஆலையில் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டதால், பழைய வண்டி பிரிக்கும் இடங்களில்தான் இப்போது பலரும் தேடுகிறார்கள். விலை மலிவு, கையோடு கிடைத்துவிடும், அவசரத்துக்கு நல்லது. ஆனால் அளக்காமல் வாங்கக் கூடாது. பழைய 1489 சிசி எஞ்சின் வண்டியும், இசுசு 1.8 எஞ்சினோடு ஐந்து கியர் வந்த வண்டியும் வெளியே பார்க்க அண்ணன் தம்பி, கியர்பாக்ஸ் வேறு. டியூபில் நசுங்கல் இருக்கிறதா, பேலன்ஸுக்காக ஒட்டிய தகடு பெயர்ந்த தழும்பு தெரிகிறதா, ஸ்ப்ளைனில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் நீளத்தை மட்டும் பார்த்தேன். வாங்கி வந்து அதற்கும் புதுக் கிராஸ் போட வேண்டியதாயிற்று. பழைய ஷாஃப்ட் என்றாலே முதல் வழியின் வேலையும் கூடவே வருகிறது என்பதை விலை பேசும்போதே நினைவில் வையுங்கள். மாட்டி ஓட்டினால் 60-ஐத் தொட்டதும் சீட்டு நடுங்கியது.

ஏன் 60? அம்பாசடரின் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று. ஷாஃப்ட் அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல், அதாவது 2000 சுற்றுக்கும் மேல். வேகம் இரு மடங்கானால் பேலன்ஸ் இல்லாத எடையின் இழுப்பு நான்கு மடங்காகும். ஊருக்குள் தெரியாத குறை நெடுஞ்சாலையில் உலுக்குவது இதனால்தான்.

மூன்றாவது வழி, லாரி ஷாஃப்ட் வேலை செய்யும் பட்டறையில் புது டியூப், புது யோக் போட்டுக் கட்டி, மிஷினில் சுழற்றிப் பேலன்ஸ் பார்த்து வாங்குவது. மூன்றிலும் செலவு அதிகம், நாலைந்து நாள் காத்திருக்கவும் வேண்டும். யோக் தேய்ந்தாலோ டியூப் வளைந்தாலோ எனக்கு வேறு எதிலும் நம்பிக்கை இல்லை. பேலன்ஸிங் மிஷின் இல்லாத லேத்தில் கொடுப்பதானால் இந்த வழியே வேண்டாம். கண்பார்வைக்கு நேராக இருக்கும் வெல்டிங் 2000 சுற்றில் நேராக இருக்காது. பழைய ஷாஃப்டின் நீளத்தை, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளந்து கொடுங்கள். ஜாக்கியில் தூக்கினால் பின் ஹவுசிங் தொங்கி அளவு மாறிவிடும்.

கட்டிய ஷாஃப்டை மாட்டிய பிறகு நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது, மீதி இருந்தது. பட்டறை மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் நசுங்கி, கியர்பாக்ஸின் வால் தாழ்ந்திருந்தது. முன் கிராஸின் சாய்வும் பின் கிராஸின் சாய்வும் ஒத்துப்போகவில்லை. ஒருவேளை பழைய கிராஸ் தேய்ந்ததில்கூட இந்த ரப்பருக்குப் பங்கு இருந்திருக்கலாம். புது ரப்பர் போட்டதும் 80-இலும் வண்டி அமைதியாக ஓடுகிறது. இப்போது ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் கன்னோடு நானே அடியில் படுத்து, நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்கிறேன்.