நாகர்கோவிலில் நான் சொன்ன ஓர் ‘இல்லை’

மூன்று வார விடுமுறையில் ஊரில் உருப்படியாக நடந்து முடிந்த காரியங்கள் எத்தனையோ இருக்க, இங்கிலாந்தின் லீட்சுக்குத் திரும்பிய பிறகும் மனத்தை விட்டு அகலாமல் நிற்பது நாகர்கோவிலில் ஒரு தனியார் குழந்தைப்பேறு மருத்துவமனையின் பதிவு மேசைக்கு முன்னால் கழிந்த ஐந்து நிமிடங்கள்தான். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட மேசையைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

போன காரணம் இது. திருமணத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2015-ல், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது உடலுறவு வழியாகப் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்று எனக்கு இருப்பது தெரியவந்தது. கட்டணமில்லாத பாலியல் நல மையத்துக்குப் போனேன். பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லி அழைத்தார்கள். அன்று அங்கே வழக்கத்தில் இருந்தபடி 1 கிராம் அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஒரே வேளையில் விழுங்கச் செய்தார்கள். (இப்போது அங்கே டாக்சிசைக்ளினை ஏழு நாள் கொடுக்கிறார்கள்.) கணவருக்கு இது திருமணத்துக்கு முன்பே தெரியும். இரண்டு ஆண்டுகளாகக் குழந்தை தங்காத நிலையில், முன்பு வந்து போன அந்தத் தொற்று ஏதேனும் மிச்சம் வைத்துவிட்டதோ என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் இருந்தது. லீட்சில் நிபுணரைப் பார்க்க ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். நாகர்கோவிலில் மறுநாள் காலைக்கே டோக்கன் கிடைத்தது. நம் ஊர் நம் ஊர்தான் என்று தக்கலையிலிருந்து பேருந்து ஏறும்போது பெருமையாகத்தான் இருந்தது.

பதிவு மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். படிவத்தை என்னிடம் தரவில்லை. அவரே ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, என் பதிலைக் கேட்டு, பேனாவால் டிக் போட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அதன் தலைநகரில், வாசிக்கத் தெரிந்த முப்பது பெண்கள் நிறைந்த கூடத்தில், படிவத்தை நம் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். சர்க்கரை, தைராய்டு, கருக்கலைப்பு என்று வந்த வரிசையில் அடுத்ததை அதே குரலில் கேட்டார்: “அக்கா, பால்வினை நோய் ஏதாவது வந்து ட்ரீட்மெண்ட் எடுத்திருக்கியளா?”

மின்விசிறிச் சத்தம்கூட நின்றுவிட்டது போல எனக்குத் தோன்றியது. இரண்டாவது வரிசையில், என்னோடு வந்திருந்த மாமியாரின் ஜெபக்கூட்டத்துத் தோழி ஒருவர், தன் மருமகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார். “அவளுக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணும் கிடையாது மக்களே, நல்ல குடும்பத்துப் பிள்ளையாக்கும்.” அந்தப் பெண் என்னைப் பார்த்தார். “இல்லை” என்றேன். டிக் விழுந்தது.

அந்த டிக் எவ்வளவு பெரிய தவறு என்பதை நான் அறியாமல் செய்யவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. கிளமிடியா பிடித்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை. மருந்து கிருமியைக் கொன்றுவிடும்; ஆனால் மருந்து போய்ச் சேர்வதற்கு முன்பே கிருமி மேலேறிக் கருக்குழாயில் தழும்பை உண்டாக்கியிருந்தால், அந்தத் தழும்பை எந்த மாத்திரையும் அழிக்காது. ஆகவே வந்து குணமான தொற்று குழந்தைப்பேற்றைக் கெடுக்குமா என்று கேட்டால், எவ்வளவு சீக்கிரம் குணமானது என்பதில்தான் பதில் இருக்கிறது. கருக்குழாயை எப்படிச் சோதிப்பது என்பதும் இந்த வரலாற்றைப் பொறுத்தே மாறும்: பிரிட்டிஷ் வழிகாட்டுதலின்படி, முன்னே இடுப்புக்குழி அழற்சி (தொற்று கருப்பைக்கும் குழாய்களுக்கும் ஏறி உண்டாக்கும் வீக்கம்) வந்திருக்கலாம் என்று கருதப்படுவோருக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் முறை, வழியாகச் சாயம் செலுத்திப் பார்க்க வேண்டும், அந்தச் சந்தேகம் இல்லாதவர்களுக்கு எச்.எஸ்.ஜி. எனப்படும் எக்ஸ்ரே சோதனை போதும். பொய்யான ஒரு டிக் என்னை இரண்டாவது கூட்டத்தில் சேர்த்துவிட்டது.

மருத்துவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா. உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், பிறகு மாமியிடம், “பரிசோதிக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா” என்றார். கதவு சாத்தியதும் நான் உண்மையைச் சொன்னேன். அவர் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. லீட்சில் எனக்குக் கிடைத்த அந்தரங்கத்தை நான் பெரிதாகப் புகழ்வது வழக்கம். ஆனால் அங்கே எவரும் கேட்காத கேள்விகளை இவர் கேட்டார். மாத்திரை எடுப்பதற்கு முன் அடிவயிற்றில் வலி இருந்ததா, எத்தனை நாள், காய்ச்சல் வந்ததா, ஒரு முறைதானா அல்லது மறுபடியும் வந்ததா, அன்றைய துணையும் மருந்து எடுத்துக்கொண்டாரா. வலி இருந்தது, தேர்வு நேரம் என்பதால் பத்து நாள் போல் பொறுத்துக்கொண்டேன், தானாகக் குறைந்ததால் அந்த மையத்தில் சொல்லவே இல்லை. “அதைத்தான் சொல்லணும் மக்களே,” என்றார்.

பிறகு காகிதத்தில் கருப்பையை வரைந்து விளக்கினார். இடுப்புக்குழி அழற்சி ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கும், இரண்டு முறை வந்தவர்களில் 20 சதவீதத்தினருக்கும், மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கும் குழாய்க் கோளாறால் குழந்தையின்மை ஏற்பட்டதாக 1992-ல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று கண்டது. அந்தக் கணக்கை அவர் மனப்பாடமாகச் சொன்னார். ஒரு முறை வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தப்பிவிடுகிறார்கள் என்று நான் அதைத் திருப்பிப் படித்துக்கொண்டேன். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்றும் கேட்டார். நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அதுவும் முக்கியமான காரணமாம். எல்லாப் பழியையும் கிளமிடியாவின் தலையில் கட்டிவைத்திருந்த எனக்கு இது புதிது. கணவரின் விந்தணுப் பரிசோதனையை முதலில் முடிக்கச் சொன்னார். ஆண்களிடமும் இந்தத் தொற்று விந்து வரும் வழியில் அடைப்பை ஏற்படுத்தக்கூடும் என்பதை நம் மாமிகளிடம் யார் சொல்வது?

லேப்ராஸ்கோப்பிக்கு விடுமுறை போதாது. ஆகவே எச்.எஸ்.ஜி.யையாவது செய்துகொண்டு போகலாம் என்று முடிவாகி, தொற்று வராமல் தடுக்க முன்னதாகவே மருந்து கொடுத்து, மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 9-ஆம் நாள் எடுத்தார்கள். வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பொறுக்கக்கூடியதுதான். வலது குழாயில் சாயம் சீராக வழிந்தது. இடதில் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அது தழும்பாகவும் இருக்கலாம், அந்த நேரத்துச் சுருக்கமாகவும் இருக்கலாம் என்றார். ஒரு குழாய் திறந்திருந்தாலே இயற்கையாகக் கருத்தரிக்க வழி உண்டு. ஆனால் தங்கினால் 6-ஆவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், குழாயில் தங்கிவிடும் ஆபத்து என்னைப் போன்றவர்களுக்குச் சற்று அதிகம் என்று அழுத்திச் சொன்னார்.

புறப்படும் நாளில் கோப்பின் நகல் வாங்க அதே மேசைக்குப் போனேன். இம்முறை மாமி இல்லாமல். அந்த ஒரு பதிலைத் திருத்த வேண்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தார். “அதுக்கு எல்லாரும் இல்லைன்னுதான்க்கா சொல்லுவாங்க. கூட்டமான நாள்ல நாங்களே முன்கூட்டி டிக் போட்டு வச்சிருவோம்.” புதிய படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கி, மாடிப்படியில் உட்கார்ந்து, முதல் முறையாக நானே நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாசிக்காமலே முத்திரை குத்தினார்.