டெஸ்லா காயிலுக்கு ஹை வோல்டேஜ் கெபாசிட்டர் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகம் விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் டெஸ்லா காயிலுக்கான (ஹை வோல்டேஜில் மின்பொறி பறக்கவிடும் கருவி) கெபாசிட்டர் பேங்க், அதாவது வரிசையாகக் கோக்கிற கெபாசிட்டர் தொகுப்பு, வாங்கி ஏமாந்திருக்கிறேன். போனது ஒரு மாதச் சம்பளம். கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருத்தர் மாட்டக்கூடாது.

என்னிடம் இருப்பது 15,000 வோல்ட் நியான் விளக்கு டிரான்ஸ்பார்மர். அது ஆர்.எம்.எஸ். (ஏறி இறங்கும் ஏ.சி.யின் ஒருவித சராசரி) கணக்கு, உச்சத்தில் 21,000-ஐத் தாண்டும். 2,000 வோல்ட், 0.15 மைக்ரோஃபாரட் பாலிபுரொப்பிலீன் கெபாசிட்டர் 12-ஐ சீரிஸில் கோத்தால் 24,000 வோல்ட் தாங்கும், 12.5 நானோஃபாரட் கிடைக்கும். இதைச் சாட்டில் சொன்னபோது கடைக்காரரே, "பாலியெஸ்டர் மட்டும் போட்டுடாதீங்க சார், சூடாகிப் போயிடும், நம்மகிட்ட இருக்கறது ஒரிஜினல் பல்ஸ் ரேட்டிங்" (திடீர் திடீரென்று பாயும் பெரிய கரண்டைத் தாங்கும் வகை) என்றார். அங்கேதான் விழுந்தேன். விஷயம் தெரிந்தவன்தான் இப்படிப் பேசுவான் இல்லையா? நான் கேட்காமலே ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்து 0.15 காட்டுகிற வீடியோ வேறு அனுப்பினார். ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே முன்பணமாகக் கட்டினேன்.

மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும். எத்தனை ஆயிரம் வோல்ட் தாங்கும் என்று அதற்குத் தெரியவே தெரியாது. அந்த வீடியோவுக்கு அதுதான் வசதி.

ஸ்பார்க் கேப்பை (பொறி தாண்டுகிற இடைவெளி) குறுக்கி வைத்து, பாலிகார்பனேட் தடுப்புக்குப் பின்னால் நின்று ஓட்டினேன். காயில் முனையில் ஊதாப் பொறி நூல் நூலாக வந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நடுவில் ஒரு கெபாசிட்டர் உப்பிப் பட்டென்று வெடித்தது. ஒன்று ஷார்ட் ஆனால் அதன் பங்கு வோல்டேஜ் மற்றவை தலையில் ஏறும், அடுத்தடுத்து எல்லாம் போயின. தடுப்பில் சில்லு தெறித்த கீறல் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் செய்துவிட்டு ஒன்றைப் பிரித்தேன். மேலே சுற்றியிருந்த மஞ்சள் டேப்பை உரித்தால் அடியில் இன்னொரு டேப், அதில் பழைய அச்சு: 630 வோல்ட். உள்ளே இருந்த ஃபிலிமில் ஒரு துண்டைக் கொளுத்தினால் கரும்புகை. பாலிபுரொப்பிலீன் என்றால் மெழுகு வாசனையோடு உருகிச் சொட்டும். எதைப் போடாதே என்றாரோ அதே பாலியெஸ்டரை எனக்கு விற்றிருக்கிறார்!

இதைவிட மோசம், கூடவே கொடுத்த ப்ளீடர் ரெசிஸ்டர்கள் (ஆஃப் செய்ததும் மிச்சச் சார்ஜை வடிப்பவை). கெபாசிட்டருக்கு ஒன்று, அதுவும் கால் வாட். பொதுவாக 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சாமான் மேல் 1,700 வோல்ட்டுக்கும் மேலே ஏறுகிறது. அது அறுந்துவிட்டால், ஆஃப் செய்த பிறகும் பேங்க் சார்ஜோடு உட்கார்ந்திருக்கும். தெரியாமல் கை வைத்தால் உயிர் போகலாம்.

கேட்டதற்கு முதல் பதில், "கேப் அகலமா வெச்சிருப்பீங்க." அப்புறம், "சால்டர் பண்ணின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." சால்டர் செய்யாமல் பேங்கை எப்படி இணைப்பது? அப்புறம், "குடோன்ல கேட்டுச் சொல்றோம்." 630 வோல்ட் அச்சின் படத்தை அனுப்பினேன், பார்த்ததாகக் காட்டுகிறது, பதில் இல்லை. இன்று காலை பார்த்தால் என் புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறார்கள். ஒரு மாதச் சம்பளம் அவர்களிடம், கருகின பிளாஸ்டிக் என்னிடம்.

என்ன பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சுருக்கமாக: மல்டிமீட்டர் வீடியோவை நம்பாதீர்கள். எல்.சி.ஆர். மீட்டரில் (கெபாசிட்டர் போன்றவற்றை அளக்கும் கருவி) டி மதிப்பை, அதாவது கெபாசிட்டருக்குள் வீணாகும் சக்தியின் அளவைப் பாருங்கள், பாலியெஸ்டரில் அது பாலிபுரொப்பிலீனைவிடப் பல மடங்கு அதிகமாக வரும். முதலில் ஒன்றே ஒன்று வாங்கி டேப்பை உரித்துப் பாருங்கள். ப்ளீடருக்குப் பல ரெசிஸ்டர்களை சீரிஸில் போடுங்கள், அப்படியும் டிஸ்சார்ஜ் குச்சி (தள்ளி நின்று சார்ஜை இறக்கும் இன்சுலேட்டட் கோல்) இல்லாமல் பேங்க் பக்கம் போகாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள்.