ஒரு லட்சத்தை ஒட்டி ஒரு பிசி: பகலில் கல்யாண வீடியோ, ராத்திரியில் கேம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். "எந்த கேமரா ஃபுட்டேஜ் எடிட் பண்றீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. என் பிசியில் எந்தப் பார்ட் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்ததோ அந்தக் கேட்காத கேள்விதான். தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஹார்டு டிஸ்க் ஹார்டு டிஸ்க்காக ஃபுட்டேஜ் வந்து இறங்கும். டெலிவரி முடிந்த ராத்திரிகளில் சைபர்பங்க் 2077 ஆடுவேன். லீவுக்கு வரும் அக்கா பையன் வேலரண்ட் ஆடுவான். இந்த மூன்றுக்கும் சேர்த்து, மானிட்டர் நீங்கலாக, ஒரு லட்சத்தை ஒட்டி 2025 நடுவில் அசெம்பிள் செய்த பெட்டி இது.

முதலில் அந்த ஃபுட்டேஜ் விஷயம். சோனி ஏ7 IV போன்ற கேமராக்களில் 4கே வீடியோவை 10 பிட், 4:2:2 நிறத்தில், அதாவது நிற விவரம் கூடுதலாகச் சேமிக்கும் முறையில் எடுக்க முடியும். அரக்குப் பட்டுப்புடவையின் நிறத்தை கிரேடிங்கில் எவ்வளவு இழுத்தாலும் உடையாமல் நிற்பதற்கு இதுதான் காரணம். தலைவலி டைம்லைனில் ஆரம்பிக்கும். ஃபைல் எச்.265 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. அதைத் திரும்ப விரித்துப் படமாக்க, அதாவது டீகோட் செய்யத் தனி ஹார்டுவேர் இல்லையென்றால் வேலை மொத்தமும் ப்ராசசர் தலையில் விழும். மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிடும் மல்டிகேமில் போட்டால், சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் படம் நின்று நின்று நகரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகள் நிற விவரம் குறைவான 4:2:0-வைச் சுலபமாக டீகோட் செய்யும், 4:2:2-வைத் தொடாது. இன்டெல் ப்ராசசருக்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸ் மட்டும் 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265-ன் 4:2:2-வைப் பார்த்துக்கொண்டது. எடிட்டர்கள் பலர் இன்டெலை விட்டு நகராததற்கு அதுதான் காரணம். அங்கேயும் ஒரு பொறி உண்டு. கொஞ்சம் விலை குறைத்துக் கடைக்காரர் நீட்டும் 12400எஃப், 14400எஃப் போன்றவற்றில் கடைசியில் நிற்கும் அந்த 'எஃப்' இருந்தால் குட்டி கிராஃபிக்ஸே கிடையாது. கேம் மட்டும் ஆடுபவருக்கு அது லாபம். என்னைப் போன்றவருக்கு, வாங்க வந்த சாமானையே கடையில் விட்டுவிட்டு வருவது மாதிரி.

2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-வைக் கார்டே டீகோட் செய்கிறது. எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியரைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டால் போதும். நான் எடுத்தது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, கார்டுக்குள்ளேயே 16 ஜிபி மெமரி. மொத்தப் பணத்தில் பாதியை ஒட்டி இதற்கே போய்விட்டது, வருத்தமில்லை. முன்பு ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்யச் சுலபமான சின்ன நகல்கள், உண்டாக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போவேன். இப்போது கேமராவின் மெமரி கார்டிலிருந்து காப்பி ஆனதும் நேரே வெட்ட உட்கார்ந்துவிடலாம்.

இதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள். டப்பாவும் ஒன்றுபோலவே இருக்கும். "5060 டிஐ தானே சார், ரேட் கம்மியா தர்றேன்" என்று யாராவது சொன்னால் டப்பாவின் மூலையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1440பி திரைத் தெளிவில் புது கேம்களுக்கு 8 ஜிபி மூச்சு முட்டும், நீளமான 4கே டைம்லைனில் எஃபெக்ட் ஏற்றினாலும் அப்படித்தான். கேம் மட்டும்தான் என்றால் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல பேரம், அதை மறுக்க மாட்டேன். அது 4:2:2-வை டீகோட் செய்யாது என்பதால் எனக்கு உதவாது.

கேமில் எப்படி? ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங்கை அணைத்து, சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ்ஸை குவாலிட்டியில் வைத்தால் சைபர்பங்க் 1440பி-யில் வழுக்கிக்கொண்டு போகிறது. ரே ட்ரேசிங்கின் உச்சமான பாத் ட்ரேசிங் போட்டால் தவிக்கிறது. நடுநடுவே கார்டே படங்களைச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷனைத் திறந்தால், நொடிக்கு எத்தனை படம் என்று மூலையில் ஓடும் எண் ஏறுகிறது, ஆனால் மவுஸை அசைத்தால் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். விளம்பரத்தில் காட்டும் எண்ணெல்லாம் இதை வைத்துத்தான், பார்த்து ஏமாறாதீர்கள்.

கார்டே டீகோட் செய்துவிட்டதால் ப்ராசசரை நிம்மதியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஏஎம்டியின் ரைசன் 5 7600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பெயரளவில் 65 வாட். இன்டெல் 14400 விலையில் அருகில்தான் இருந்தது. ஆனால் அது உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்குப் புதுத் தலைமுறை இனி வராது, இன்டெல் 2024-லேயே 1851-க்குப் போய்விட்டது. ரைசன் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்குக் கை நிறைய வேலை வந்தால் மதர்போர்டைக் கழற்றாமல் பெரிய ப்ராசசர் போட்டுக்கொள்ளலாம். போர்டு, பி650 வகையில் சிறிய அளவான ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ். இங்கே ஒரே எச்சரிக்கைதான்: பி840 என்று ஒன்று வரும். எண் பெரிதாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். வசதிகளில் பி650-யைவிட அது கீழே.

ரேம் 32 ஜிபி, டிடிஆர்5 6000, பதினாறு பதினாறாக இரண்டு. "இப்ப நாலு எட்டு போட்டுக்கலாமே" என்றார் ஒரு கடைக்காரர். ஏஎம்5-ல் நான்கு குச்சி போட்டால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். இரண்டே போதும், அதுவும் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். அசெம்பிள் ஆன பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டெலீட் பட்டனைத் தட்டி போர்டின் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ என்பதை ஆன் செய்யுங்கள். கடையில் இதைப் பெரும்பாலும் செய்து தருவதில்லை. செய்யாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்த ரேம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவை ஆன் செய்யும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே நிற்கும். ரேமை போர்டு பழக்கிக்கொள்கிற நேரம் அது. பதறிப் போய் ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

அப்புறம் பிசிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவச இணைப்பாக வரும், தூக்கினால் காலி டப்பா போல இருக்கும் '450 வாட்' சரக்கைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். 5060 டிஐ போட்ட பிசிக்கு என்விடியா சொல்வது 600 வாட் எஸ்எம்பிஎஸ். நான் 650 வாட் ப்ரான்ஸ், ஐந்து வருட வாரண்டி எடுத்தேன். ப்ரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான முத்திரை, உள்ளே இருக்கும் சாமான் எவ்வளவு தரம் என்பதற்கு அல்ல. வாரண்டி வருடம் அதைவிட நம்பகமான அடையாளம்.

யூபிஎஸ் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வீட்டில் கிடக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கார்டு 180, ப்ராசசர் முழு வேகத்தில் 88, மானிட்டர், ஃபேன், டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் அது கத்திவிட்டு அணைந்துவிடும். அதனால் 1000 விஏ-க்கு மாறினேன். எர்த்திங்கையும் பார்த்துவிடுங்கள். வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் ப்ளக் பாயிண்டில் எர்த் இருக்காது. முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

எடிட்டிங் அறை மொட்டை மாடிக்குக் கீழே, ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் ப்ராசசரோடு வரும் குட்டி கூலர் கூச்சல்தான் போடுகிறது. டீப்கூல் ஏஜி400 மாதிரி ஒரு டவர் கூலருக்குச் செலவழித்த சில்லறை, வாய்ஸ் ஓவர் பதிவு செய்யும்போது காதுக்குத் தெரியும். கேபினெட் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், மெஷ் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று ஆர்ஜிபி ஃபேன் சுற்றுவது கடையில் அழகாகத்தான் இருக்கும், காற்று எங்கிருந்து உள்ளே வரும்? மெஷ்ஷில் தூசி அடையும், மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்ட வேண்டியிருக்கிறது. அது பரவாயில்லை.

எஸ்எஸ்டி டபிள்யூடி எஸ்என்770, 1 டிபி. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஃபுட்டேஜுக்கு இடம் பத்தாது என்பதைத் தவிர. முடிந்த கல்யாணங்கள் பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும். ஒரே செல்லில் அதிக டேட்டாவை அடைக்கும் கியூஎல்சி வகை எஸ்எஸ்டிகள் விலை குறைவு. நூறு, இருநூறு ஜிபி-யை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது பாதியில் படுத்துவிடும் என்பதால் வாங்கவில்லை.

பிசியை மாட்டியதும் இரண்டு விஷயம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் 60-லேயே நின்றிருக்கும், டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் மாற்றுங்கள். அக்கா பையன் வந்து காட்டும்வரை தெரியாமல் ஆடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பில் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். பார்ட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. "பில் இல்லாம எடுத்துக்கங்க, குறைச்சுத் தர்றேன்" என்பது ஒரு கடையில் நானே கேட்ட வசனம். கார்டு செத்தால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்தான், அதில் சீரியல் நம்பரும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதே பெட்டியை இன்று சேர்த்தால் ஒரு லட்சத்தில் முடியாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டை மூடுவதாகவே 2025 டிசம்பரில் அறிவித்தது. ஏஎம்டியின் முந்தைய தலைமுறை பி450 போர்டும் நல்ல டிடிஆர்4 ரேமும் கையில் இருப்பவர்கள் இப்போதைக்கு ஏஎம்5 பக்கம் வர வேண்டாம். போர்டின் பயாஸைப் புதுப்பித்து, எட்டு கோர் ரைசன் 7 5700எக்ஸ் ஒன்றைத் தேடிப் போடுங்கள். மிச்சமாகும் பணத்தை அந்த 16 ஜிபி கார்டில் கொட்டுங்கள்.